சத்தம் விழுகிறது, சொல் விழவில்லை

அப்பத்தாவுக்கு வயது 78. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்திருப்பவரை அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் "என்ன, என்ன?" என்கிறார். உரக்கச் சொன்னால் "ஏண்டி கத்துறே" என்று கோபம் வருகிறது. எப்படித்தான் பேசுவது?
— வாசகி, கானாடுகாத்தான்

அப்பத்தாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வயதாக ஆக உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் தேயும்போது, கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். ஆ, ஓ கேட்கும். ச, த, க மங்கிவிடும். யாரோ பேசுவது தெரியும், என்ன பேச்சு என்பது பிடிபடாது. நீங்கள் கத்தும்போது பெருகுவது ஆ-வும் ஓ-வும்தான். மெல்லிய ஒலி எட்டாத அதே காதுக்கு உரத்த ஒலி சட்டென்று பொறுக்க முடியாததாகவும் ஆகிவிடும்.

போதாததற்கு உங்கள் வீடு. உயர்ந்த கூரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்து மோதும். முக்கியமான பேச்சை மெத்தை, ஜமக்காளம், திரைச்சீலை உள்ள அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியையும் டி.வி.யையும் முதலில் நிறுத்துங்கள்.

வீட்டின் ஒரு கட்டிலிருந்து (பகுதியிலிருந்து) இன்னொரு கட்டுக்குக் குரல் கொடுக்காமல் எழுந்து போய், மூன்று நான்கு அடி தூரத்தில் எதிரே உட்காருங்கள். முற்றம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். "அப்பத்தா" என்று அழைத்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகே தொடங்குங்கள். எதைப் பற்றிய பேச்சு என்பது முதலில் வரட்டும்: "தேவகோட்டைக் கல்யாணம் அப்பத்தா. வெள்ளிக்கிழமை போறோம். காலையில ஆறு மணிக்குக் கார் வரும்." நடுநடுவே சற்று நிறுத்துங்கள். புரியவில்லையென்றால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் மாற்றிச் சொல்லுங்கள்: "விடியக்காலம் வண்டி வாசலுக்கு வந்துடும்."

"புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டிவிடுவார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுபதும் எண்பதும் காதில் ஒன்றுபோல விழும். பணம், மணம் இரண்டுக்கும் உதட்டசைவு ஒன்றே. தொகை, நேரம், மாத்திரைக் கணக்கை எழுதிக் காட்டுவதே பாதுகாப்பு. "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பேச்சிலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார்.

ஐயாவுக்குக் காது கருவி வாங்கினோம். 'கீ' என்று விசில் அடிக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.
— வாசகர், பள்ளத்தூர்

காதுக்குள் போக வேண்டிய ஒலி கசிந்து, கருவியின் மைக்கில் மறுபடி நுழைவதால்தான் அந்த விசில். காதுக்குள் வைக்கும் மோல்டு சரியாக உட்காராதது, தளர்ந்துபோனது, காதில் குறும்பி அடைத்தது, இவைதான் வழக்கமான காரணங்கள். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள், குறும்பி இன்னும் உள்ளே போகும், மருத்துவர் எடுக்கட்டும். மோல்டு தளர்ந்திருந்தால் புதிதாக அளவெடுக்க வேண்டும்.

பட்டன் பேட்டரி போடும் கருவி என்றால், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். இந்த வகை காற்றை இழுத்துத்தான் வேலை செய்யும். உரித்த பிறகு திரும்ப ஒட்டினாலும் சக்தி மிஞ்சாது. பேட்டரியின் அளவு எண்ணைப் பொறுத்து, 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம் என்று ஸ்டிக்கர் நிறம் இருக்கும்.

முதல் நாட்களில் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும், சில மணி நேரம் போட்டுப் பழகட்டும். கேட்டு மறந்த ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். எடுத்த எடுப்பில் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போனால் மறுபடி டப்பாதான்.

காது கருவி போட்டவரைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போக நேர்ந்தால் எங்கே உட்கார வைப்பது?
— வாசகி, காரைக்குடி

மேளக்காரர்கள் முதுகுப் பக்கம் வரும்படி, வளவின் ஓரத்தில். இன்றைய கருவிகள் பலவும் முன்னால் இருப்பவர் குரலைத்தான் கூடுதலாக எடுக்கும். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் வீட்டார் ஒருவர் இருக்கட்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்த ஒரு காது இன்று காலையிலிருந்து கேட்கவே இல்லை. எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா?
— வாசகர், தேவகோட்டை

வேண்டாம். இது அவசரம். குறும்பியாகவும் இருக்கலாம், உட்காது நரம்பின் பாதிப்பாகவும் இருக்கலாம். நரம்பு என்றால் ஸ்டீராய்டு மருந்தைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.