சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்ட கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 32, சேலம் அம்மாபேட்டை. கைக்கு வரும் சம்பளம் 52,000, வீட்டுச் செலவு 38,000, குழந்தைக்கு 4 வயது. வங்கியில் 2.8 லட்சம் இருக்கிறது. பழைய ஆம்னி ஒன்றை வாங்கி அதன் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸிலை எடுத்து லோட்டஸ் செவன் (இரண்டு பேர் உட்காரும் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரி ஒரு கார் கட்ட ஆசை. கணக்குப் போட்டதில் 4.5 லட்சம் வருகிறது. 3 லட்சம் பர்சனல் லோன் போடலாமா, இல்லை மனைவியின் நகையை வைக்கலாமா? அயோத்தியாப்பட்டணத்தில் மாதம் 3,000 வாடகைக்கு ஒரு ஷெட் பார்த்து வைத்திருக்கிறேன். முடிந்ததும் ஏற்காடு ஏற வேண்டும்.

பதில்: ஏற்காட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன் தம்பி, ஏனென்றால் அங்கேதான் உங்கள் திட்டம் முட்டுகிறது. நம் ஊரில் வீட்டில் கட்டிய காரை ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைக்காது. புது மாடல் என்றால் அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், அது கம்பெனிகளுக்கான வேலை. ஆம்னியின் ஆர்.சி.யையே வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சேஸிஸ் நம்பர் அடித்திருப்பது நீங்கள் வெட்டிப் போடப்போகும் அந்த பாடியில்தான், வண்டியைப் பிரித்தால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். மீறி ஓட்டி ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸும் இல்லை, நஷ்ட ஈடு முழுக்க உங்கள் தலையில். ஆக அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளை மறந்துவிடுங்கள். கோவை செட்டிப்பாளையத்தில் கரி என்ற கார் பந்தயத் தடம் இருக்கிறது, சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டவிடும் டிராக் நாள்களில் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டலாம். அது போதும் என்று மனசு சொன்னால் மேலே படியுங்கள்.

இங்கிலாந்தில் 1957-இல் லோட்டஸ் செவன் வந்தபோது அதைப் பாகங்களாக விற்றதற்கு முக்கியமான காரணம் வரி. முழு காருக்கு இருந்த பர்ச்சேஸ் டாக்ஸ் பாகங்களாக வாங்கினால் கிடையாது. 1973-இல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. நமக்கோ அப்படி ஒரு சலுகை எந்தக் காலத்திலும் இல்லை, வாங்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஜி.எஸ்.டி. கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் சொந்தமாகக் கட்டினால் மலிவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், இது பொழுதுபோக்குச் செலவு, திரும்பி வராத பணம்.

உங்கள் 4.5 லட்சத்தை நான் 6 லட்சம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்ஜினையும், சட்டம் கட்டுவதற்கான ஒன்றரை மில்லி கனச் சதுரக் குழாயையும் எல்லோரும் பட்டியலில் எழுதிவிடுவார்கள். டயர், பிரேக் பைப், ரேடியேட்டர், வயரிங், தப்பாக வெட்டி மறுபடி வாங்குவது, இவைதான் பட்ஜெட்டைத் தின்னும். நானும் ஒரு பழைய லாம்பிரெட்டா ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு செலவழித்தவன்தான், வீட்டில் இன்றும் அந்தத் தொகையைச் சொல்லவில்லை. காரின் இரும்புச் சட்டத்தை நீங்களே அங்கங்கே பொட்டு வெல்டிங் வைத்துப் பிடித்துவிட்டு, முழு வெல்டிங்கை மட்டும் நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஆள் யாரையாவது கூப்பிட்டு நாள் கூலிக்குச் செய்யுங்கள். வெல்டிங் மெஷின் வாங்கும் செலவும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

இப்போது கடன். 3 லட்சம், 14 சதவீதம், 3 வருடம் என்றால் மாதம் சுமார் 10,250, வட்டி மட்டும் 69,000. சம்பளத்தில் செலவு போக உங்களிடம் மிஞ்சுவதே 14,000. அதில் தவணை போனால் குழந்தைக்கு என்ன போடுவீர்கள், அடுத்த மாதம் கிளட்ச் பிளேட் எதை வைத்து வாங்குவீர்கள்? பாதி கட்டிய கார் தார்ப்பாயின் கீழே நிற்கும், தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் ஓடும். நகையும் அதே கதைதான், வட்டி கொஞ்சம் குறையலாம், ஆனால் வீட்டில் அமைதி போய்விடும். இரண்டும் வேண்டாம்.

6 மாதச் செலவு 2,28,000-ஐத் தொடாமல் வையுங்கள். மிச்சம் 52,000, அதில் ஆம்னிக்கு முன்பணம் போடலாம். மாதம் 5,000 குழந்தைக்கு, 9,000 காருக்கு. கணக்குப் பார்த்தால் ஐந்து வருடம் ஆகும், ஆமாம், ஐந்து. ஆம்னியில் மிஞ்சும் கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் விற்றால் சில மாதம் குறையும். இரண்டு பேர் சேர்ந்து கட்டினால் பாதியாகும், ஆனால் யார் எவ்வளவு போட்டது, விலகினால் எவ்வளவு திருப்பித் தருவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், நண்பர் என்பதால்தான் சொல்கிறேன். டேர்ம் பாலிசி (நீங்கள் இல்லாமல் போனால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இல்லையென்றால் காருக்கு முன்னால் அதை எடுங்கள். விபத்து பாலிசி இருந்தால் பந்தய ஓட்டத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

அப்புறம் அந்த ஷெட். ஐந்து வருட வாடகை 1,80,000. உங்கள் பட்டியலிலேயே அது இல்லை! மாமனார் ஊரில் காலியாகக் கிடக்கும் மாட்டுக்கொட்டகை ஏதாவது உண்டா? முதலில் அதை விசாரித்துவிட்டு எழுதுங்கள், ஆம்னியை அதற்கு அப்புறம் தேடலாம்.