சிக்கனம் அடுக்களையில் இருக்கிறது, பணம் எங்கே போகிறது?

கேள்வி: தக்கலைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். நாங்கள் இருவர், மூன்று வயது மகள். கணவர் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறார், கையில் வருவது 38,000 ரூபாய். வாடகை 6,500, மளிகையும் அரிசியும் 5,200, மீன், கறி, முட்டை 3,600, காய், பழம் 2,000, பால் 1,500, காஸ் 900, கரண்ட் 700, பெட்ரோல் 2,400, போன், நெட் 1,100, பிள்ளையின் பள்ளிக்கு 1,500, பைக் தவணை 3,100. பைக் தவணை இன்னும் 14 மாதம் இருக்கிறது. மாதக் கடைசியில் 2,000தான் மிஞ்சுகிறது. மீனுக்கு அதிகம் செலவழிக்கிறேன் என்கிறார் மாமியார். கல்யாண வீட்டுச் சுருள், அதாவது மொய் (போன வருஷம் 21,000), துணிமணி (14,000), ஆஸ்பத்திரி (9,000), வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் (7,000) எல்லாம் எப்போதாவது வருவதால் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்கள் சிக்கனமாக இருக்கிறோமா?

பதில்: அடுக்களையில் சிக்கனமாகவே இருக்கிறீர்கள். கணக்கு எழுதுவதில்தான் ஓட்டை.

நீங்கள் எழுதிய மாதச் செலவைக் கூட்டினால் 28,500 வருகிறது. அப்படியானால் 9,500 மிஞ்ச வேண்டும், மிஞ்சுவதோ 2,000. மீதி 7,500 ரூபாய் பட்டியலில் இல்லை. 'எப்போதாவது' என்று தள்ளிவைத்த செலவுகளைக் கூட்டுங்கள்: வருஷத்துக்கு 51,000, மாதத்துக்கு 4,250. அதையும் கழித்தால் எதற்கென்று தெரியாமல் போவது 3,250. ஒரு நாளைக்கு 108 ரூபாய்.

மாமியார் சொல்லும் மீனைப் பார்ப்போம். உணவுக்கு மொத்தம் 12,300. வண்டித் தவணையை விட்டுவிட்டால் நீங்கள் உண்மையில் செலவழிப்பது 32,900, அதில் உணவு 37 சதவீதம். 2022-23 தேசியக் குடும்பச் செலவு ஆய்வில் இது கிராமங்களில் 46, நகரங்களில் 39 சதவீதம். பிள்ளையை அரை ஆளாக வைத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 164 ரூபாய்தான் ஆகிறது. வளரும் குழந்தை இருக்கும் வீட்டில் மீனிலும் பாலிலும் கை வைக்கச் சொல்ல மாட்டேன். வாங்கும் முறையை மட்டும் மாற்றலாம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த மாதங்களில் நெய்மீனை (வஞ்சிரம்) தேடிப் போகாதீர்கள். சாளை, நெத்திலி, கருவாடு, முட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள். தேங்காயை எடை போட்டு வாங்கினாலும் ஆட்டிப் பாருங்கள், கண் ஈரமாக இருந்தால் வேண்டாம். 2025-இல் விலை ஏறிய பிறகு ஒரு அழுகல் தேங்காய்கூட நஷ்டம்தான்.

காஸ் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது. மாதம் 900 என்றால் ஏறக்குறைய மாதம் ஒரு சிலிண்டர் தீர்கிறது. 14.2 கிலோ முப்பது நாளில் தீர்ந்தால் நாளுக்கு 470 கிராம். மூன்று பேருக்கு இது அதிகம், 45 நாளாவது வர வேண்டும். மாட்டிய தேதியைச் சிலிண்டரிலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். தீ மஞ்சளாக எரிந்து பானை அடி கரிப்பிடித்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது, பின்னூசியால் குத்தித் துடையுங்கள். ரப்பர் குழாய் ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்ற வேண்டும், இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். சம்பா அரிசிச் சோறு பொங்குகிறீர்கள் என்றால் முக்கியக் காரணம் அதுவே. அரிசியை ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும், சூட்டை வெளியே விடாத தெர்மல் குக்கரில் இறக்கிவிடுங்கள். அடுப்பில் முக்கால் மணி நேரம் வேகும் சோறு, பத்து நிமிடத் தீயோடு முடிந்துவிடும். மாதம் சுமார் 300 ரூபாய் மிச்சமாகும்.

கரண்டில் ஒன்றே ஒன்று: இரண்டு மாதப் பில்லில் 500 யூனிட்டைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் குறைந்த யூனிட்டுகளுக்குக் கிடைத்த கட்டணச் சலுகையும் போய்விடும். பெட்ரோல் சரியாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் பெயர்கள் இன்னும் மாமனார் வீட்டு ரேஷன் கார்டில் இருந்தால் அங்கே நீக்கிவிட்டுத் தனிக் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25 ரூபாய். தேங்காய் எண்ணெயைத் தாளிப்புக்கு வைத்துக்கொண்டு பொரிக்கப் பாமாயிலை எடுத்தாலே மாதம் 200 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும்.

இனி அந்த 108 ரூபாய். இருவர் வங்கிக் கணக்கிலிருந்தும் மூன்று மாத அறிக்கையை எடுங்கள். 200 ரூபாய்க்குக் குறைவான ஜிபே வரிகளுக்கு மட்டும் மஞ்சள் அடியுங்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் ரோட்டோரம் சாயாவும் பழ பஜ்ஜியும், பேக்கரி கேக்கும், பிள்ளைக்கு வாங்கும் சிப்ஸ் பாக்கெட்டும்தான் பெரும்பாலும் வரும். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் ஒரு மாதத்தில் சலித்து இரட்டிப்பாகச் செலவழிப்பீர்கள். வாரம் 400 ரூபாயைக் கையில் ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், அது தீர்ந்தால் அடுத்த வாரம்தான். இதிலேயே சுமார் 1,500 மிஞ்சும்.

'எப்போதாவது' வரும் அந்த 51,000-ஐ மட்டும் தனியே பிரிக்க வேண்டும். சம்பளம் வந்த அன்றே 4,250-ஐத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், ஜிபேயில் இணைக்கவே வேண்டாம். சுருள், துணி, இன்சூரன்ஸ் எல்லாம் அதிலிருந்துதான். சுருளுக்கு ஒரு நோட்டுப் போட்டு, அவர்கள் உங்களுக்கு வைத்ததையும் எழுதுங்கள். வாங்கியதற்கு மேல் வைக்க அவசியமில்லை.

இன்று சேமிப்பது சம்பளத்தில் 5 சதவீதம். மேலே சொன்ன 300, 200, 1,500-ஐச் சேர்த்தால் மாதம் 4,000, அதாவது 10 சதவீதத்துக்கு மேல். முதல் 75,000 வரை எங்கும் முதலீடு செய்யாமல் அவசரத் தேவைக்கு வங்கியிலேயே வைத்திருங்கள். பைக் தவணை முடிந்த மறு மாதமே, அந்த 3,100-ஐ அதே தேதியில் வங்கியே எடுக்கும்படி ஆர்.டி. (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். இப்போதே கணவரிடம் சொல்லி நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.