அமெரிக்கப் படையில் பணியில் இறந்தவரின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டண உதவி கிடைக்குமா?

அமெரிக்க ராணுவத்தில் இருந்த உங்கள் தம்பி பயிற்சியில் நடந்த விபத்தில் இறந்துவிட்டதாகவும், அவர் மகன் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போவதாகவும், போரில் சாகாததால் உதவி கிடைக்காது என்று பலர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

கிடைக்கும். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், 2014-இல் பயிற்சியின்போது வண்டி கவிழ்ந்து போய்விட்டார். போர்முனையில் இறந்தால்தான் படிப்புக்குப் பணம் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்ல, அக்கா பல வருடம் அந்த ஃபைலையே திறக்கவில்லை. சட்டம் பார்ப்பது, 2001 செப்டம்பர் 11 அன்றோ அதற்குப் பிறகோ, பணியில் இருக்கும்போது, கடமைக்காலத்தில் நடந்தது என்று ராணுவம் ஏற்கும் வகையில் மரணம் நடந்ததா என்பதைத்தான். எந்த நாட்டில், யார் சுட்டு என்று கேட்பதில்லை.

உங்கள் தம்பி மகனுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் முன்னாள் படைவீரர் நலத்துறை தருவது, எல்லோரும் வி.ஏ. என்றுதான் சொல்வார்கள். ஒன்று ஃப்ரை ஸ்காலர்ஷிப். ஜான் டேவிட் ஃப்ரை என்ற மரீன் வீரரின் பெயரில் வந்தது. கையில் காயம் பட்டு வீட்டுக்கே திரும்பியிருக்கலாம், அவர் இருந்துவிட்டார். ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, 2006 மார்ச்சில், இராக்கின் அன்பார் மாகாணத்தில் குண்டைச் செயலிழக்க வைக்கும்போது இறந்தார். மூன்று சின்னப் பிள்ளைகள். உதவி 2009 ஆகஸ்டில் தொடங்கியது. கணவனை இழந்த மனைவிக்கும், மனைவியை இழந்த கணவருக்கும் கிடைக்கும்படி 2014-இல் விரிவாக்கினார்கள்.

இன்னொன்று டி.இ.ஏ., அதாவது படைவீரரைச் சார்ந்திருப்போருக்கான கல்வி உதவி. அது பழையது, போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக 1956-இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து வருவது.

வித்தியாசம் பணம் யார் கைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது. ஃப்ரையில் கல்விக் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். அரசுக் கல்லூரி என்றால் அந்த மாநிலத்தவர் கட்டும் கட்டணம் முழுவதும். தனியார் கல்லூரி என்றால் ஓர் உச்சவரம்பு உண்டு. 2025-26 கல்வியாண்டுக்கு அது 29,920 டாலர் சொச்சம். அதற்கு மேல் போனால் எல்லோ ரிப்பன் திட்டத்தில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீதியில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கல்லூரியும் வி.ஏ.வும் பகிர்ந்துகொள்ளும். கட்டணம் போக மாதா மாதம் வீட்டு வாடகைப் படி, புத்தகத்துக்கு வருடம் 1,000 டாலர் வரை. மொத்தம் 36 மாதம். டி.இ.ஏ.வில் மாணவர் கைக்கே ஒரு தொகை வரும், அவ்வளவுதான். 2024 அக்டோபரிலிருந்து முழுநேரப் படிப்புக்கு மாதம் 1,536 டாலர் என்று வைத்திருந்தார்கள். கட்டணமும் வாடகையும் அதற்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஃப்ரைதானே நல்லது? பெரும்பாலும் ஆமாம், நாங்களும் அதைத்தான் எடுத்தோம். ஆனால் இங்கேதான் நீங்கள் நிதானமாக உட்கார வேண்டும். 2011 ஆகஸ்ட் 1-க்கு முன்பு பெற்றோர் இறந்த பிள்ளைகளுக்கு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்த வழி உண்டு. அதற்குப் பிறகு என்றால் ஒன்றுதான். விண்ணப்பப் படிவம் 22-5490. அதில் ஒரு கட்டத்தை டிக் செய்து அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. பையனுக்கு வேறு வழியில் கட்டணம் முழுதும் தள்ளுபடி ஆகிறது, படிப்பும் முழுக்க ஆன்லைனில்தான் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும். ஏனென்றால் ஆன்லைனில் மட்டும் படித்தால் ஃப்ரையின் வாடகைப் படி தேசிய சராசரியில் பாதியாகிவிடும், டி.இ.ஏ.வில் கையில் கூடுதலாக நிற்கக்கூடும். டெக்சாஸின் ஹேஸில்வுட் போல அரசுக் கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் மாநிலச் சட்டங்களும் உண்டு. அதையும் பார்த்துவிட்டு டிக் செய்யுங்கள்.

எங்களுக்குப் பெயரில்தான் சிக்கல் வந்தது. நம் வழக்கப்படி அத்தானின் பெயரே அக்கா மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, கடைசிப் பெயர். அத்தானுக்கோ அவர் அப்பா பெயர் கடைசிப் பெயர். ராணுவம் தந்த இறப்பு அறிக்கை, டிடி 1300, அதில் ஒரு குடும்பப் பெயர். மகளின் பிறப்புச் சான்றிதழில் வேறு. கூடவே அத்தான் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. மகள்தானா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. அக்கா அந்தக் கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, இரவு முழுதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் திருமணச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் நகல் எல்லாம் சேர்த்து அனுப்பினோம். ஆறு வாரம் போயிற்று. உங்கள் வீட்டிலும் இதே பெயர்முறைதான் என்றால் இப்போதே எல்லாவற்றையும் எடுத்து வைத்துச் சரிபாருங்கள். பள்ளி முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், முதல் செமஸ்டருக்குக் கையில் கொஞ்சம் காசு வேண்டும். வாடகைப் படி படித்து முடித்த மாதத்துக்குத்தான் வரும். விடுமுறை நாட்களுக்குக் கிடையாது. ஆகஸ்டில் அறை எடுத்தால் முதல் பணம் வரும் வரை நீங்கள்தான் தாங்க வேண்டும். மருமகளுக்கு அந்த இரண்டு மாதம் நான் அனுப்பினேன். தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவிக்கு டி.ஐ.சி. என்று ஒரு மாதத் தொகை வந்துகொண்டிருக்கும். பையன் இந்த உதவியைத் தொடங்கினால் அவருக்கு வருவது நிற்காது. பதினெட்டு தாண்டிய பையன் பேரில் வருவது மட்டும் நின்றுவிடும். தெரியாமல் இருந்தால் பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 2013 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு நடந்த மரணம் என்றால் ஃப்ரையில் பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. முன்பு என்றால் வயது வரம்பு இருக்கலாம், வி.ஏ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுக்கு வெளியேயும் உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். சில்ட்ரன் ஆஃப் ஃபாலன் பேட்ரியட்ஸ், ஃபோல்ட்ஸ் ஆஃப் ஹானர் இரண்டிலும் விண்ணப்பிக்கலாம். படையில் உறவை இழந்தவர்களுக்குத் துணை நிற்கும் டாப்ஸ் என்ற அமைப்பில் படிப்பு உதவிக்கென்றே ஆட்கள் உண்டு. அக்காவிடம் அவர்கள் பேசிய விதத்தை நான் மறக்கவே மாட்டேன். முதலில் அத்தானைப் பற்றிக் கேட்டார்கள், படிவம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கல்லூரி முடிவானதும் அங்கே முன்னாள் படைவீரர் சேவை அலுவலகத்தில் சான்றளிக்கும் அலுவலர் யார் என்று கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். பையன் சேர்ந்திருக்கிறான் என்று வி.ஏ.வுக்குச் சொல்பவர் அவர்தான். அவர் அனுப்பாவிட்டால் ஒரு டாலரும் நகராது.

தம்பி எந்த ஆண்டு இறந்தார், பையன் எந்த மாநிலத்தில் படிக்கப் போகிறான் என்று இரண்டு வரி எழுதுங்கள். நாங்கள் கணக்குப் போட்ட நோட்டு இன்னும் அக்காவிடம் இருக்கிறது. அதை வைத்து உங்கள் பையனுக்கும் போட்டுப் பார்த்துவிடலாம்.