குண்டூசிக்கும் ஒரு கட்டுரை

அன்புள்ள ஐயா,

பொதுக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினால் எனக்குச் சலிப்புதான் வருகிறது. இசைக்கு அடுத்து இஞ்சி, அதற்கடுத்து இடி. எல்லாவற்றிலும் கொஞ்சம், எதிலும் ஆழமில்லை. ஏதாவது ஒரு துறையை எடுத்து முழுதாகப் படிப்பதுதானே நல்லது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆழ்ந்து படிப்பது நல்லதுதான். ஆனால் எதில் ஆழ்வது என்று முடிவு செய்ய, என்னென்ன இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டுமே.

பிரான்சில் திதரோவும் தலம்பேரும் 1751-இல் வெளியிடத் தொடங்கிய கலைக்களஞ்சியத்தில் ஆன்மாவைப் பற்றி நீண்ட கட்டுரை உண்டு. குண்டூசியைப் பற்றியும் உண்டு! பித்தளைக் கம்பியை இழுத்து மெலிதாக்குகிறார்கள், நேராக்குகிறார்கள், நறுக்குகிறார்கள், சாணையில் முனை தீட்டுகிறார்கள். அப்புறம் இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதில் இரண்டு சுற்றை வெட்டியெடுத்துத் தலையாக அடித்துப் பொருத்துகிறார்கள். வெள்ளீயம் பூசிக் காகிதத்தில் குத்தி வைப்பதுவரை மொத்தம் 18 வேலைகள். திதரோவின் அப்பா கத்தி செய்யும் தொழிலாளி. பட்டறையில் கைமாறி வந்த அறிவு, தத்துவத்துக்குச் சமமாக அதே நூலில் அச்சேறியதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அந்தக் குண்டூசி அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 1776-இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' நூலின் முதல் அத்தியாயத்தில், வேலையைப் பகிர்ந்து செய்தால் உற்பத்தி எப்படிப் பெருகும் என்று விளக்க எடுத்துக்கொண்டது குண்டூசிப் பட்டறையைத்தான். அவரும் சுமார் 18 வேலைகள் என்றே எழுதுகிறார். கலைக்களஞ்சியத்தின் குண்டூசிக் கட்டுரையிலிருந்து அவருக்கு அது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், கைத்தொழில் கட்டுரை ஒன்று பொருளியலுக்கு வழிகாட்டியிருக்கிறது.

தமிழிலும் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் வெளிவந்தது. பல துறை அறிஞர்கள் தங்கள் துறையைப் பொதுவாசகருக்காகத் தமிழில் எழுத வேண்டியிருந்தது. அந்த உழைப்பை எண்ணினால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, ஆழத்துக்கு வருகிறேன். எல்லாக் கட்டுரையும் நீளமாக இருக்கத் தேவையில்லை. ஓர் ஆறு எங்கே பிறந்து எங்கே கலக்கிறது என்று நாலு வரியில் தெரிந்தால் பலருக்குப் போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால், கட்டுரையின் கடைசியில் 'காண்க' என்று கொடுத்திருப்பவற்றைத் தொடர்ந்து படியுங்கள். அதற்குப் பிறகும் பசி அடங்காத பொருள் எது என்று பார்த்து, அந்தத் துறையின் தனி நூல்களைத் தேடிப் போங்கள்.

அன்புடன்