புது பேட்டரி போட்டும் பழைய கையடக்கக் கணினி ஏன் அணைகிறது?

1994-இல் வந்த ஹெச்பி 200எல்எக்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு ஏஏ பேட்டரிகள், துணைக்கு ஒரு சிஆர்2032 பட்டன் செல். புது பேட்டரி போட்டாலும், மெமரி கார்டைச் செருகியதும் சட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் 'தொடுமுனைத் தடை' மீதுதான். பேட்டரியைத் தொடும் உலோகத் தகட்டில் அழுக்கோ துருவோ படிந்து மின்னோட்டத்தை மறிப்பது அது.

வீட்டில் மோட்டார் போட்டதும் பல்பு மங்குமே, அதே கதைதான். குறைந்த மின்சாரம் போதும்வரை பிரச்சினை தெரியாது. அதிகம் இழுத்ததும் தடையிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும்.

ஸ்பிரிங்கின் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி இருக்கிறதா பாருங்கள். பழைய ஆல்கலைன் பேட்டரி கசிந்த தடயம் அது. காரத்தன்மை உள்ளது, வெறும் விரலால் தொடாதீர்கள். பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். (உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும்.)

பட்டன் செல் இருந்தால் கணினி அதிலேயே ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாது, ஏஏ பேட்டரி மாற்றும்போது நினைவகத்தில் உள்ளவை அழியாமல் காப்பது மட்டுமே அதன் வேலை, எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்.