நடுக்குளிரில் தீனித்தட்டை இறக்கினால் பறவைகள் பட்டினி கிடக்குமா?

"குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கத் தொடங்கிவிட்டால் வசந்தம் வரும்வரை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் நம்மை நம்பி வந்தவை செத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் சில வாரங்கள் வெளியூர் போகவிருக்கிறீர்கள், யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். உண்மையில்லை என்பதே என் பதில். இதே பேச்சை நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வட அமெரிக்காவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 'புராஜெக்ட் ஃபீடர்வாட்ச்' என்ற கணக்கெடுப்பு நடக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் பேர்ட்ஸ் கனடா அமைப்பும் சேர்ந்து நடத்தும் இதில், என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் தத்தம் கொல்லைக்கு வரும் பறவைகளை எண்ணி எழுதி அனுப்புகிறோம். ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் ஒருசேரக் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும், வந்துபோன தடவைகளைக் கூட்டக் கூடாது என்பது அதன் விதி. சிக்கடீ என்னும் சின்னஞ்சிறு பறவை ஒரே ஒரு சூரியகாந்தி விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் பறந்து, அதைக் கால்விரல்களால் அழுத்திப் பிடித்து, அலகால் கொத்தி உடைத்துத் தின்றுவிட்டு அடுத்த விதைக்குத் திரும்பி வரும். ஒவ்வொரு வருகையையும் கூட்டிக்கொண்டே போனால் நான்கு பறவைகள் ஒரு படையாகிவிடும். இந்த விதியின் புண்ணியத்தில்தான் கூட்டத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு பறவையாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

அப்படிப் பார்த்ததால்தான் ஹவுஸ் ஃபிஞ்ச் என்னும் விதை தின்னும் சிறு பறவை ஒன்று கண்ணில் பட்டது. கூப்பர் வல்லூறு ஒன்று வேலியை ஒட்டித் தாழப் பறந்து வந்தபோது, தரையில் பொறுக்கிக்கொண்டிருந்த ஜுங்கோ என்னும் சிறு பறவைகள் முதல் விதை நிரப்பித் தொங்கவிட்ட தீவனக் குழாயில் தொற்றிக்கொண்டிருந்த ஃபிஞ்சுகள் வரை எல்லாம் சிதறிவிட்டன. இது மட்டும் இறகுகளை உப்பிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. வல்லூறு அதைக் கவனிக்காமல் கடந்துபோனது அதன் நல்ல காலம். தொலைநோக்கியில் பார்த்தேன். ஒரு கண்ணின் இமை சிவந்து வீங்கி, ஓரமெல்லாம் பொருக்குத் தட்டி, ஏறக்குறைய மூடியிருந்தது. அந்தக் கண்ணைத் தீவனக் குழாயின் துளை விளிம்பில் தேய்த்துவிட்டு, அதே துளைக்குள் தலையை விட்டு விதை எடுத்தது. வல்லூறு போன பிறகு திரும்பி வந்த மற்ற ஃபிஞ்சுகளும் அதே துளைக்குள்தான் தலையை விட்டன.

இது 1994இல் வாஷிங்டன் நகரச் சுற்றுவட்டாரத்தில் முதலில் கவனிக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் கண்டத்தின் கிழக்குப் பாதி முழுவதும் பரவிய கண்நோய். காரணம், கோழிகளிடம் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த மைக்கோபிளாஸ்மா கல்லிசெப்டிகம் என்னும் பாக்டீரியா. நோய் நேரடியாகக் கொல்வதைவிட, பார்வையிழந்த பறவை இரை தேட முடியாமலும் வல்லூறுக்கு அகப்பட்டும் மடிவதே அதிகம்.

அன்றே எல்லாத் தட்டுகளையும் குழாய்களையும் இறக்கினேன். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து ஊறவைத்து, தேய்த்து அலசி, ஈரமில்லாமல் உலர்த்தினேன். தரையில் கிடந்த உமியையும் எச்சத்தையும் வாரி அப்புறப்படுத்தினேன். பறவைகள் கலைந்துபோகட்டும் என்று உடனே திரும்ப மாட்டவில்லை. அது அந்தக் குளிர்காலத்திலேயே மிகக் கடுமையான வாரம். என்னைப் போலவே தீனி வைக்கும் நண்பர் ஒருவர், "பழக்கிவிட்டுப் பட்டினி போடுகிறீர்களே, இதற்கு வைக்காமலே இருந்திருக்கலாம்" என்று பலர் முன்னிலையில் சொன்னார். அவருடைய குழாயின் அடியில் பூஞ்சை பிடித்த விதை கட்டியாக இறுகிக் கிடந்ததை நான் அப்போது சொல்லிக்காட்டவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அவருடைய வாதத்துக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் சிக்கடீக்களிடம் செய்த ஆய்வில் விடை இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தீனி வைக்கப்பட்டுவந்த இடத்தில் அதை நீக்கிவிட்டு, ஒருபோதும் தீனி வைக்கப்படாத இடத்துப் பறவைகளோடு ஒப்பிட்டார்கள். பிழைத்திருக்கும் விகிதத்தில் வேறுபாடு இல்லை என்று 1992இல் எழுதினார்கள். தட்டு தாராளமாக இருக்கும்போதுகூட அவை தம் அன்றாடத் தேவையில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை மட்டுமே அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன என்பதும் அவர்கள் கண்டதுதான். மீதியை மரப்பட்டை இடுக்குகளில் உறங்கும் பூச்சிகளிலும் முட்டைகளிலும், இலையுதிர் காலத்தில் தாமே ஒவ்வொன்றாக ஒளித்துவைத்த விதைகளிலும் தேடிக்கொள்கின்றன. சுமார் 12 கிராம் எடையுள்ள, இரவில் உடல் வெப்பத்தை வழக்கமான அளவிலிருந்து சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருக்கத் தெரிந்த பறவை, என் ஒரு குழாயை மட்டும் நம்பி வாழ்கிறது என்று நினைப்பது எனக்குச் சற்றுத் தற்பெருமையாகவே படுகிறது.

அதே இருவரின் 1988ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டி மறுக்க வருவார்கள் என்பதும் தெரியும். தீனி கிடைத்த சிக்கடீக்களில் 69 விழுக்காடு குளிர்காலத்தைக் கடந்தன, கிடைக்காதவற்றில் 37 விழுக்காடே கடந்தன என்கிறது அது. வேறுபாடு முக்கியமாகக் கடுங்குளிர் மாதங்களில்தான். ஆகவே தீனி உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதை எடுத்துவிட்டால், தீனியே காணாத காட்டுப் பறவையின் நிலைக்குத்தான் அவை திரும்புகின்றன, அதற்குக் கீழே போவதில்லை என்று மட்டுமே சொல்கிறேன். ஓர் இனத்தை ஒரு மாநிலத்தில் பார்த்த ஆய்வு எல்லாப் பறவைக்கும் பொருந்துமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் நோயுற்ற பறவை வந்துபோகும் தட்டைத் தொங்கவிட்டுக்கொண்டே இருப்பதற்கு அது சமாதானமாகாது.

நீங்கள் கிளம்பும்போது நிரப்பிவிட்டுப் போக வேண்டாம். பனி உருகி உள்ளே இறங்கினால் விதை நனைந்து பூஞ்சை பிடிக்கும். பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது. காலி செய்து, கழுவி, உள்ளே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் புது விதை போட்டு மாட்டுங்கள். என் கொல்லையில் முதலில் கண்டுபிடித்து வந்தவை சிக்கடீக்கள், ஃபிஞ்சுகள் மெதுவாகத்தான் வந்தன. அவை வரும்போது எண்ணிக்கையை எழுதுமுன் கண்களைப் பாருங்கள். வீக்கம் தெரிந்தால் அதையும் பதிவு செய்யக் கணக்கெடுப்பில் இடம் உண்டு.