பெட்டிஷியோ பிரின்சிப்பியை என்றால் என்ன? எப்போது சொல்லலாம்?

சட்டம் படிக்கும் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இந்த லத்தீன் தொடரை 'சுற்றி வளைத்துப் பேசுவது' என்று தமிழில் சொல்லலாமா என்பது ஒன்று. வீட்டுக்காரர் உள்ளூர் வங்கிக் காசோலை கேட்கிறார், வங்கியோ வீட்டு விலாசத்துக்குச் சான்று கேட்கிறது, இதுவும் அந்த வகைதானா என்பது இன்னொன்று.

இரண்டுமே இல்லை. சுற்றி வளைத்துப் பேசுகிறவர் நேரே சொல்லத் தயங்குகிறார், அவ்வளவுதான். எப்படியும் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். வங்கியும் வீட்டுக்காரரும் உங்களை அலைக்கழிக்கிறார்கள், ஆனால் அங்கே யாரும் எதையும் நிரூபிக்க முயலவில்லை. ஒரு முடிவு, அதற்கு ஒரு காரணம், அந்தக் காரணத்துக்குள்ளேயே அந்த முடிவு ஒளிந்திருப்பது: இந்த மூன்றும் இருந்தால்தான் பெட்டிஷியோ பிரின்சிப்பியை.

போன வருடம் என் சித்தி மகளுக்கு மும்பையில் வேலை கிடைத்தது. திருநெல்வேலியிலிருந்து வந்தவள், செம்பூரில் எங்கள் பக்கத்திலேயே ஒரு ஒன் ரூம் கிச்சன் பார்த்தோம். வாடகை, டெபாசிட், பதினொரு மாத ஒப்பந்தம், புரோக்கர் கமிஷன் எல்லாம் பேசி முடித்தாயிற்று. சொசைட்டி, அதாவது அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம், அதன் செகரட்டரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக இருக்கும் பெண்களுக்கு இங்கே வீடு கொடுப்பதில்லை என்றார். ஏன் என்றேன். இது நல்ல பில்டிங் என்றார். நல்ல பில்டிங் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றேன். தனியாக இருக்கிறவர்கள் யாருமே இங்கே கிடையாதே என்றார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு மாமியும் அவர் பக்கம்தான். "இது நல்ல பில்டிங்ப்பா, அப்படியெல்லாம் குடுக்கமாட்டா" என்றார். சித்தி மகள் என்னிடம், "விடுங்கண்ணே, வேற பாத்துக்கலாம்" என்றாள். எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. பதில் சொல்ல முடியாமல் நான் நின்ற இடம் எது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த இடத்துக்குத்தான் லத்தீனில் பெயர் இருக்கிறது. பெட்டிஷியோ என்பதன் பொருள் கோருதல், விண்ணப்பித்தல். தெருவிளக்கு எரியவில்லை என்று பெட்டிஷன் போடுகிறோமே, அதே வேர்தான். பிரின்சிப்பியை என்பது 'தொடக்கத்தினுடைய'. வாதம் எதைப் பற்றித் தொடங்கியதோ அதையே கொடு என்று கோருவது, அதுதான் முழுப் பொருள். பிரின்சிப்பியம் என்பதற்குக் கொள்கை என்றும் ஒரு பொருள் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு 'கொள்கைக் கோரிக்கை' என்று மொழிபெயர்த்தால் அர்த்தம் கெட்டுவிடும். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆங்கிலம் படித்த வக்கீல்கள் 'பிரின்சிப்பியை' என்பார்கள். பழைய லத்தீன் உச்சரிப்பில் நடுவிலே 'சி' வராது, 'கி' வரும்.

இந்தக் 'கோருதல்' எங்கிருந்து வந்தது? லத்தீன் தொடரே அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் சொன்னதன் மொழிபெயர்ப்புதான். அவர் காலத்து ஏதென்ஸில் வாதம் என்பது கேள்வியும் பதிலுமாக நடக்கும். ஒருவர் கேட்டுக்கொண்டே போவார், மற்றவர் ஆம், இல்லை என்று ஒத்துக்கொள்வார் அல்லது மறுப்பார். அப்படி ஒத்துக்கொண்டதை வைத்தே கேட்பவர் முடிவுக்குப் போக வேண்டும். எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே 'ஒத்துக்கொள்' என்று கேட்டால் ஆட்டமே இல்லை. ஆகவே குறை வட்டமாகச் சுற்றுவதில் மட்டும் இல்லை. உழைத்துச் சம்பாதிக்க வேண்டியதைக் கை நீட்டி வாங்கப் பார்ப்பதில் இருக்கிறது. 'வட்ட வாதம்', 'சுழல் வாதம்' என்ற தமிழ்ச் சொற்களில் இந்தப் பகுதி விழுந்துவிடுகிறது. அதனால்தான் லத்தீன் சொல் இன்னும் உபயோகமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வெறும் வட்டத்துக்கு லத்தீனில் தனியாக 'சர்க்குலஸ் இன் புரொபாண்டோ' என்ற தொடர் உண்டு: முதலாவதை இரண்டாவதால் நிரூபித்து, இரண்டாவதை முதலாவதால் நிரூபிப்பது. செகரட்டரி செய்தது அது. மாமி சொன்னதில் ஒரே படிதான், சுற்றே இல்லை. 'நல்ல பில்டிங்' என்ற சொல்லுக்குள்ளேயே 'தனியாள் இல்லாத பில்டிங்' என்ற அர்த்தத்தை வைத்துவிட்டார். அரிஸ்டாட்டில் இதைக் குறிப்பாகவே சொல்லியிருக்கிறார். நிரூபிக்க வேண்டியதையே அப்படியே கோரினால் எளிதில் பிடித்துவிடலாம், ஒரே பொருளுள்ள வேறு சொல்லாகவோ, சொல்லும் அதன் வரையறையுமாகவோ வந்தால் தப்பிவிடும் என்கிறார். எனக்குத் தப்பியதும் அங்கேதான்.

தருக்க விதிப்படி இதில் பிழை கிடையாது, இதைக் கவனியுங்கள். 'மழை பெய்கிறது, ஆகவே மழை பெய்கிறது' என்பது வடிவத்தில் முற்றிலும் சரி. முடிவு உண்மையாகக்கூட இருக்கலாம். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ல் வெளியிட்ட தருக்க நூலில், முடிவுக்கான நிரூபணமாகப் பார்த்தால் இரண்டு முன்கூற்றும் ஒரு முடிவுமாக வரும் எந்த முக்கூற்று வாதத்திலும் இந்தக் குறை உண்டு என்றே சொன்னார், ஏனென்றால் முடிவு எப்போதும் முன்கூற்றுகளுக்குள் அடங்கித்தான் இருக்கிறது. அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? எதிரே இருப்பவர் அந்தக் காரணத்தைத் தனியாக, முடிவை நம்பாமலே, ஒத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அது கோரிக்கை.

இந்த யோசனை தமிழுக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் தருக்கம் முழுசாக வருகிறது. அங்கே ஏதுப்போலிகளில், அதாவது காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதவற்றில், அன்னியதராசித்தம் என்று ஒன்று உண்டு. வாதிடும் இருவரில் ஒருவர் ஒத்துக்கொள்ளாத காரணம் என்று அர்த்தம். ஒலி செய்யப்படுவது, ஆகவே அழியக்கூடியது என்று சாங்கியத் தத்துவத்தைப் பின்பற்றும் ஒருவனிடம் சொன்னால் செல்லாது. ஒலி செய்யப்படுவதில்லை, முன்பே இருப்பது வெளிப்படுகிறது என்பது அவன் கட்சி. பெட்டிஷியோவும் இதுவும் முழுக்க ஒன்றல்ல, இது இன்னும் அகலமானது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன: யாரிடம் பேசுகிறாயோ அவரிடம் அந்தக் காரணம் செல்லுமா? வட்டத்துக்கே பெயர் வேண்டுமென்றால் வடமொழித் தருக்கத்தில் ஆத்மாசிரயம், அன்னியோன்னியாசிரயம், சக்கரகம் என்று மூன்று இருக்கின்றன: தன்னையே சார்வது, ஒன்றையொன்று சார்வது, பல படி தாண்டித் தொடங்கிய இடத்துக்கே திரும்புவது.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? வாதத்தைப் பற்றிச் சொல்லுங்கள், ஆளைப் பற்றிச் சொல்லாதீர்கள். 'எதிர்த்தரப்பின் இரண்டாவது வாதம் பெட்டிஷியோ பிரின்சிப்பியை' என்று எழுதிவிட்டு நிறுத்தவும் கூடாது. எந்த வரியில் எந்தச் சொல் முடிவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது என்று அடுத்த வாக்கியத்திலேயே காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் லத்தீனை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் நாமும் ஒரு சொல்லைக் கொடுத்து 'நம்பு' என்று கோருகிறோம். ஆங்கிலத்தில் இதை 'பெக்கிங் த கொஸ்டின்', அதாவது 'கேள்வியை இரப்பது' என்று மொழிபெயர்த்தார்கள். இன்று பலர் அதே தொடரை 'இதனால் ஒரு கேள்வி எழுகிறது' என்ற பொருளில் எழுதுகிறார்கள். லத்தீனில் அந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம் அந்த வீடு. சித்தி மகள் ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டியிருந்ததால் சயான் கோலிவாடாவில் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு அறை எடுத்துக்கொண்டாள். நான் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் இந்த லத்தீன் எதையும் போடவில்லை. நல்ல பில்டிங் என்ற சொல்லை எடுத்துவிட்டு, இங்கே தனியாகக் குடியிருந்த யாரால், எந்த வருடம், என்ன தொந்தரவு வந்தது என்று எழுத்தில் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.